மேலே வைத்த ஈரம்

பஸ்ரா நகரத்தில் யூனுஸ் இப்னு உபைத் என்றொரு பட்டு வியாபாரி இருந்தார். ஒருவர் வந்து பட்டு வேண்டுமென்று கேட்க, கடைப்பையன் மூட்டையைப் பிரித்துத் துணியை விரித்தான். விரித்த துணியைப் பார்த்ததும், யா அல்லாஹ், எங்களுக்குச் சொர்க்கத்தைத் தா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டான். யூனுஸ் துணியை மடித்து உள்ளே வைக்கச் சொன்னார். விற்கவில்லை. அந்த துஆ துணிக்குச் சொன்ன மறைமுகப் புகழ்ச்சியாகிவிடுமோ என்று அவருக்குப் பயம். இமாம் கஸ்ஸாலி தன் இஹ்யா என்ற நூலில், சம்பாத்தியத்தின் ஒழுக்கங்களைப் பேசுகிற பகுதியில் இதை எழுதிவைத்திருக்கிறார்.

என் மகளிடம் இதைச் சொன்னேன். "அந்தப் பையனை எங்கிட்ட அனுப்பிவைங்க வாப்பா. ஒரே வரியில ஹூக் போட்டுட்டான்" என்றாள். ரீலின் முதல் இரண்டு மூன்று விநாடியைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். பார்க்கிறவரின் கட்டைவிரல் அடுத்த படத்துக்குப் போய்விடாமல் அது பிடித்து நிறுத்த வேண்டும்.

நாங்கள் பத்தமடைப் பாய் விற்கிறோம். திருநெல்வேலியில் என் வாப்பா வைத்த கடை. அவர் காலத்தில் விளம்பரம் என்றால் கடை வாசலில் சுருட்டி நிறுத்திய பாய்தான். 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது. மகள் பாளையங்கோட்டையில் விஸ்காம் படித்தவள். கொரோனாவில் கடை பூட்டிக் கிடந்தபோது செல்போனைத் தூக்கிக்கொண்டு பத்தமடைக்குப் போய்ப் படமெடுக்க ஆரம்பித்தாள். இன்றைக்குக் கடைக்கு வந்து வாங்குகிறவர்களைவிட, எங்கோ உட்கார்ந்து அவள் சொல்லும் கதையைக் கேட்டு வாங்குகிறவர்கள்தான் அதிகம். அந்தப் பணத்தில் நானும் சாப்பிடுகிறேன். ஆகவே கதை சொல்லி விற்பது தகுமா என்ற கேள்வியை எட்ட நின்று கேட்கும் வசதி எனக்கில்லை.

கஸ்ஸாலி 1111இல் இறந்துபோனவர். அவர் விளம்பரத்தை மூன்றாகப் பிரிக்கிறார். பொருளில் இல்லாத குணத்தைச் சொன்னால் அது பொய். அதில் பேச ஒன்றுமில்லை. பொருளில் இருக்கிற குணத்தையே சொன்னாலும், வாங்குபவர் கண்ணுக்கு அது தெரிகிறதென்றால் உன் பேச்சு வீண்பேச்சு. பேசிய ஒவ்வொரு சொல்லுக்கும் மறுமையில் கணக்குண்டு. மூன்றாவது வகையில்தான் வாசலைக் கொஞ்சம் திறந்துவிடுகிறார். பொருளில் இருந்தும், சொன்னாலொழிய வாங்குபவருக்குத் தெரியாத குணத்தைச் சொல்லலாம். மிகைப்படுத்தக் கூடாது. சகோதரன் தெரிந்துகொண்டு விரும்பட்டும் என்ற நிய்யத்தோடு சொல்ல வேண்டும்.

கதை சொல்லி விற்பதற்கு இதைவிட நல்ல இலக்கணத்தை நான் படித்ததில்லை. பாயின் நிறத்தையும் கரையையும் கேமராவே காட்டிவிடுகிறது. அதன்மேல் 'கண்ணைப் பறிக்கும்', 'மனதை மயக்கும்' என்று குரல் கொடுப்பது இரண்டாம் வகை. ஆனால் தாமிரபரணிக் கரையோரக் கோரையை அறுத்துக் காயப்போடுவதும், தண்ணீரில் ஊறவைப்பதும், ஊறி உப்பியதை மறுபடி காயவைத்து மெல்லிய இழையாகக் கிழிப்பதும் முடிந்த பாயில் எங்கே தெரியும்? தரையோடு தரையாகக் கிடக்கும் தறியில் குந்தியிருந்து பெண்கள் நெய்கிறார்கள். துணிபோல மடிக்கக்கூடிய பட்டுப்பாய் ஒன்று முடிய வாரக்கணக்காகும். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரை எழுத்தெழுத்தாக இழையில் ஏற்ற வேண்டும். இவையெல்லாம் பாய்க்குள் இருப்பவைதான், சொன்னால்தான் தெரியும். சொல்லாமல் விட்டால் விசைத்தறிப் பாய்க்கும் இதற்கும் விலை ஏன் இத்தனை வித்தியாசம் என்று கேட்பவரிடம் குற்றமில்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மெய்யான கதைகளிலும் சில தள்ளுபடியாகும். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடையிலிருந்து பாய் போனது என்பது அந்த ஊரில் சின்னப்பிள்ளையும் சொல்லும் கதை. அது நடந்ததாகவே இருக்கட்டும். ராணிக்குப் போனது அந்தப் பாய். உங்கள் வீட்டுக்கு வருவது இந்தப் பாய். ராணி கதையை எங்கள் சாதாரணப் பாயின் படத்துக்குப் பின்னால் ஓடவிட்டால் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, ஆனால் பொருளில் இல்லாத குணம் பொருளில் ஏறிவிடுகிறது. இன்னொரு நண்பருக்கு வேறு யோசனை. ரிஷிகேஷ் சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்தது பத்தமடையில்தானே, யோகா செய்கிறவர்களுக்கு 'சிவானந்தர் ஊர்ப் பாய்' என்று போட்டால் பிய்த்துக்கொண்டு போகுமே என்றார். போகும்தான். ஊரில் ஒரு மகான் பிறந்தால் கோரைக்கு என்ன சம்பந்தம்?

அமெரிக்காவில் 2009இல் ராப் வாக்கர், ஜோஷுவா க்ளென் என்ற இருவர் ஒரு வேடிக்கை செய்தார்கள். பழைய சாமான் கடைகளில் நூறு உதவாத பொருள்களைச் சராசரியாக ஒன்றேகால் டாலருக்கு வாங்கினார்கள். எழுத்தாளர்களைக் கூப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு கற்பனைக் கதை எழுதச் சொல்லி, கதையோடு ஈபேயில் ஏலம் விட்டார்கள். சுமார் 129 டாலருக்கு வாங்கியவை 3,612 டாலருக்குப் போயின. மார்க்கெட்டிங் வகுப்புகளில் கதையின் சக்திக்கு இதைத்தான் உதாரணம் காட்டுகிறார்களாம், மகள்தான் சொன்னாள். ஆனால் எழுதியவர் பெயர் போட்டு, இது கற்பனை என்று தெரியவைத்தே விற்றார்கள் என்பதை அழுத்திச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். வாங்கியவர்கள் கதைக்குக் காசு கொடுத்துக் கதையை வாங்கினார்கள். இதில் ஏமாந்தவர் யாருமில்லை. கஸ்ஸாலியே இருந்தாலும் வீண்பேச்சு என்று முகம் சுளித்திருப்பாரே தவிர மோசடி என்று சொல்லியிருக்க மாட்டார்.

லைக்கையும் கமெண்டையும் காசுக்கு வாங்குவதைப் பற்றி நீட்ட வேண்டாம். வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிக் கேட்டு மற்றவரை உசுப்பிவிடுவதற்கு ஷரீஅத்தில் நஜ்ஷ் என்று பெயர். நபிகள் நாயகம் அதைத் தடுத்திருக்கிறார்கள். மதீனாச் சந்தையில் ஆள் வைத்துச் செய்ததை இங்கே போலிக் கணக்கு வைத்துச் செய்கிறார்கள். காசோ பொருளோ வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் போட்டுவிட்டது.

எனக்குச் சிக்கலாகப் படுவது பொய் அல்ல, மெய்தான்.

அதே மதீனாச் சந்தையில் நபியவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். விரலில் ஈரம் பட்டது. மழை பெய்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் ஜனங்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்ல என்றும் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸ். ஜும்ஆ பயானில் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தது. ரீல் என்பது முழுக்க முழுக்கக் குவியலின் மேல்பக்கம். கையை உள்ளே விட்டுப் பார்க்க வழியே கிடையாது. பார்க்காமல் வாங்கிய பொருளைப் பார்த்த பிறகு வேண்டாமென்று சொல்லும் உரிமையை ஹனஃபி மத்ஹபு வாங்குபவருக்குக் கொடுக்கிறது. நாங்களும் பிரித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பியனுப்புங்கள் என்றுதான் வைத்திருக்கிறோம். தபால் செலவை நினைத்துப் பலபேர் திருப்புவதில்லை என்பது வேறு.

ஐப்பசி மழையில் காய்ந்த கோரையில் பழுப்புத் திட்டு விழும். உழைப்புக்குக் கெடுதலில்லை, பார்வைக்குத்தான். அப்படிச் சில பாய்கள் தங்கிவிட்டன. ஹதீஸ்படியே செய்வோம் என்று சொல்லி, திட்டை நெருக்கத்தில் காட்டி, மழையில் காய்ந்த கோரை, இந்தக் குறை இருக்கிறது, விலை குறைவு என்று மகள் ஒரு ரீல் போட்டாள். அவள் அதுவரை போட்டதிலெல்லாம் அதிகம் பேர் பார்த்தது அதுதான். "இவ்வளவு நேர்மையான கடையா" என்று ஆளாளுக்கு எழுதினார்கள். திட்டுப் பாய் தீர்ந்தது. குறையில்லாத பாய்க்கும் ஆர்டர் குவிந்தது.

அடுத்த வாரம் மகள் வந்து கேட்டாள்: "வாப்பா, திட்டு விழுந்த பாய் இன்னும் ஏதாவது கிடக்கா?"

அதில் அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எது ஓடுகிறதோ அதை மறுபடி போடு என்று அந்தச் செயலி அவளைப் பழக்கியிருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியில் ஈரம் இடம் மாறிவிட்டதைக் கவனியுங்கள். மறைத்தால் நஷ்டம், காட்டினால் லாபம் என்று ஆகிவிட்டால், காட்டுவது எந்தக் கணக்கில் சேரும்? ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட் 1785இல் எழுதிய நூலில் ஒரு மளிகைக்காரர் வருகிறார். சின்னப்பிள்ளை வந்தாலும் ஒரே விலை சொல்கிறவர். நேர்மையாக இருந்தால் வியாபாரம் நிலைக்கும் என்று தெரிந்து அப்படி நடக்கிறார். அவர் செய்தது சரி. ஆனால் கடமை என்று கருதிச் செய்யாததால் அதற்கு அறத்தின் மதிப்பு இல்லை என்கிறார் கான்ட். எங்கள் திட்டுப் பாய் ரீலைப் பார்த்திருந்தால் எங்களுக்கும் அதே மார்க்தான் போட்டிருப்பார்.

கான்டின் வழியில் போனால் முடிவே கிடையாது. லாபம் வந்துவிட்டது என்பதாலேயே ஒரு வியாபாரி தன் உண்மையைச் சந்தேகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் மார்க்கம் இந்த இடத்தில் கணக்கை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்ற ஹதீஸ் உண்டு. அந்தக் கணக்கு எனக்கும் அல்லாஹ்வுக்கும். வாங்குபவருக்கு என் நிய்யத்தின்மேல் உரிமை இல்லை. அவருக்கு உரிமை குவியலின்மேல். நபியவர்கள் அந்த வியாபாரியிடம் உன் மனதில் என்ன இருந்தது என்று கேட்கவில்லை. ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என்றுதான் கேட்டார்கள். இன்றைக்கு எல்லோரும் பேசுகிற 'ஆத்தென்டிக்' என்ற சமாச்சாரம் இந்த இரண்டையும் குழப்பிவிடுகிறது. எங்கள் மனசைப் பாருங்கள், எவ்வளவு சுத்தம் என்று விற்கச் சொல்கிறது. மனசு விற்பனைக்கு வந்துவிட்டால் அதற்குப் பெயர் முகஸ்துதி, பிறர் பார்த்து மெச்சவென்று செய்வது. தொழுகையிலேயே கூடாதென்று சொல்லப்பட்டது, தொழிலில் மட்டும் எப்படிக் கூடும்? ஆகவே திட்டு இருந்தால் காட்டலாம். திட்டைத் தேடிப் போகக் கூடாது. 'இவ்வளவு நேர்மையான கடையா' என்பதற்கு நன்றி சொல்லி இதயம் போடக் கூடாது. மகள் முதல் இரண்டுக்கு ஒத்துக்கொண்டாள். மூன்றாவதற்கு, "அது மரியாதை வாப்பா" என்கிறாள்.

கஸ்ஸாலியிடம் எனக்கு ஒரு குறை உண்டென்றால், அவர் வாங்குபவரையும் விற்பவரையும் மட்டுமே எதிரெதிரே உட்காரவைக்கிறார். யாருடைய கதையைச் சொல்லி விற்கிறோமோ அந்த ஆள் அங்கே இல்லை. பத்தமடையில் எங்களுக்கு நெய்து தருகிற லாத்தா ஒருவர் இருக்கிறார். அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். முதுகு வலி, மூட்டு வலி, பிள்ளைகள் ஆளுக்கொரு ஊர். அவர் கையை மட்டும் காட்டி மகள் ஒரு ரீல் போட்டிருந்தாள். முகத்தைக் காட்ட வேண்டாம் என்பது லாத்தா போட்ட நிபந்தனை. அழுகையை வைத்து விற்கிற படங்கள் எத்தனையோ வருகின்றன. அதில் மெய்யான அழுகையும் இருக்கிறது. லாத்தாவுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. போனை வாங்கித் தன் கையையே இரண்டு தடவை பார்த்தார். பிறகு கீழே எழுதியிருந்த விலையை மகளிடம் வாசிக்கச் சொன்னார்.

"இந்தப் பாயா புள்ள இவ்வளவுக்குப் போவுது?"

கூலிக்கு நெய்கிறவருக்கு விற்கிற விலை தெரியாது என்பது இந்தத் தொழிலில் தலைமுறை தலைமுறையாக வருகிற பழக்கம். கடைச் சுவருக்குள் இருந்த விலையை ரீல் அவர் திண்ணைக்குக் கொண்டுபோய்விட்டது. கோரை விலை, சாயம், தபால், திரும்பி வருகிற பாய் என்று நான் கணக்கைச் சொன்னேன். லாத்தா பொறுமையாகக் கேட்டார். "சரி தம்பி, அடுத்த பாய்க்குக் கூட்டிக் குடுத்துருங்க" என்றார். கேட்ட தொகை நியாயமாகத்தான் இருந்தது. மற்றவர்களுக்கும் கூட்டினோம்.

இதையும் ரீலாகப் போடலாமா என்று மகள் கேட்டாள். முகஸ்துதி என்று நான் வாயைத் திறப்பதற்குள் கஸ்ஸாலியை என் பக்கமே திருப்பிவிட்டாள். "கூலி பாய்க்குள்ளதானே வாப்பா இருக்கு? சொன்னாத்தானே வாங்குறவங்களுக்குத் தெரியும்? அப்ப மூணாவது வகை."

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் பிழையில்லை. ஸதகா, அதாவது தர்மம், கொடுத்ததைச் சொன்னால் முகஸ்துதி. கூலி ஸதகா அல்ல, கடன். கடனைக் கொடுத்ததில் பெருமை என்ன, மறைப்பதற்குத்தான் என்ன? பாட்டு வேண்டாம், கையைக்கூடக் காட்ட வேண்டாம், விலைக்குக் கீழே நெய்தவர் கூலி இவ்வளவு என்று ஒரு வரி எழுது என்றேன். எழுதினாள். அதைப் பார்த்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். அவர்களில் ஒருவர், கூலியைக் குறைத்துப் பாயைக் கொஞ்சம் மலிவாகத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்.