மூச்சும் முள்ளந்தண்டும் – திருமூலர் காட்டிய நெறி

மானிட உடம்பு இறைவனை வழிபடுவதற்கென்றே அளிக்கப்பட்டது என்பது சைவப் பெருமக்களின் துணிபு. கயிலையிலிருந்து வந்த சிவயோகியார், சாத்தனூரில் இடையனாகிய மூலன் இறந்துகிடக்க, அவனைச் சுற்றி நின்று கதறிய பசுக்களின் துயர் பொறாது அவன் உடம்பினுள் புகுந்து திருமூலராயினார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. இரவல் உடம்பில் வாழ்ந்தவர் அவர். இரவல் வாங்கிய பொருளை எவ்வளவு கவனமாகப் பேணவேண்டும் என்பதை அவரன்றி வேறு யார் அறிவார்? திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் ஆசனத்தை முன்னும் பிராணாயாமத்தைப் பின்னும் வைத்தார். இருக்கை சீர்ப்படாமல் மூச்சுச் சீர்ப்படாது என்பது அதன் கருத்து.

இன்று கோயிலுக்கு வரும் அடியார்களுட் பலர் ஏதோவொரு நோவுடனேயே வருகின்றனர். வெங்காயத் தோட்டத்திற் குனிந்து புல்லுப் பிடுங்கியவருக்கு நாரிப்பிடிப்பு. தையல் மெசினின் முன் இருந்தவருக்குத் தோள் உழைவு. கந்தோரிற் கணினி பார்ப்பவருக்குப் பிடரி நோவு. கைத்தொலைபேசியைக் குனிந்து பார்க்கும் பிள்ளைகளும் இப்போது இவர்களுடன் சேர்ந்துவிட்டனர். எண்ணெய் பூசி, ஒத்தடம் கொடுத்து, குளிசை விழுங்கி, எக்ஸ்றே எடுத்துப் பார்த்தால் எலும்பிற் பழுதில்லை என்கின்றனர். உடனே வீட்டார், “ஒன்றுமில்லையாம், சும்மா சொல்லுறா” என்று விடுகின்றனர். இது பெரும் பிழை. படத்திலே தெரியாததால் நோவு பொய்யாகிவிடாது.

மூச்செடுப்பதற்கென இறைவன் அமைத்த முதன்மைத் தசை பிரிமென்றகடு. அது கீழே இறங்கும்போது வயிறு சற்று முன்தள்ளும், கீழ்ப்பழுக்கள் விரியும். முதுகு கூனி இருப்பவருக்கு வயிறு மடிந்து அழுந்துவதால் அத்தசை இறங்க இடமில்லை. ஆனாலும் மூச்சு வேண்டுமே! அப்போது கழுத்துத் தசைகளும் தோளின் மேற்றசைகளும் நெஞ்சுக்கூட்டை மேலே இழுத்துக் காற்றை வாங்குகின்றன. ஓடிக் களைத்த வேளையில் உதவவேண்டிய தசைகள் இவை. நாள் முழுவதும் கூலியில்லா வேலை செய்தால் இறுகி நோகாமல் என்ன செய்யும்? வளர்ந்தவரின் தலை நான்கைந்து கிலோ நிறை உடையது. அது முன்னே குனியக் குனியப் பிடரித் தசை தாங்கும் பாரமும் கூடுகின்றது. பிரிமென்றகடு மூச்சுக்கு மட்டுமன்றி வயிற்றுத் தசைகளோடு சேர்ந்து முள்ளந்தண்டை உறுதியாக நிறுத்தவும் உதவுவது. எனவே மேல்மூச்சு வாங்குபவரின் நாரியும் இளைக்க இடமுண்டு. நாட்பட்ட கழுத்து நோவுடையோரிற் சுவாசத் தசைகளின் வலிமை குறைந்திருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர்.

இனித் துயரத்தின் பங்கு. இந்நாட்டிலே பிள்ளையை இழந்த தாய்மாரும், காணாமற்போனவருக்காக வாசலைப் பார்த்திருக்கும் தாய்மாரும் ஊருக்கு ஊர் உளர். அழுகையை அடக்குபவர் முதலில் அடக்குவது மூச்சையே. அடக்கிய மூச்சு ஆண்டுக்கணக்கிற் பழக்கமாகிவிடுகின்றது; தோள் காதை நோக்கி உயர்ந்தபடியே நின்றுவிடுகின்றது. நோவு வந்தால் மூச்சு மேலும் குறுகும். மூச்சுக் குறுகினால் தசை மேலும் இறுகும். இவர்களுக்கு “மனதைத் தேற்றிக்கொள்” என்ற புத்திமதியைவிட, பக்கத்தில் ஒருவர் அமைதியாக அமர்ந்திருப்பது பெரிய உதவி.

திருமூலர் கூறிய கணக்கு நோக்கத்தக்கது. உள்வாங்கும் பூரகம் பதினாறு மாத்திரை, நிறுத்தும் கும்பகம் அறுபத்துநான்கு, வெளிவிடும் இரேசகம் முப்பத்திரண்டு. வெளிவிடுவது வாங்குவதன் இருமடங்கு! நீண்டு வெளிவிடும் மூச்சு இதயத் துடிப்பைத் தணித்து உடம்பை ஆறச் செய்வதை மருத்துவமும் ஏற்கின்றது. ஆயினும் கும்பகத்தைக் குருவின்றிப் பழகலாகாது. இதயநோய், இரத்த அழுத்தம் உடையோர் அதை முற்றாக விடுவதே நன்று. கைகால் விறைப்பு, காய்ச்சல், நெஞ்சு நோவு, காரணமின்றி உடம்பு மெலிதல் என்பவற்றோடு வரும் நோவுக்கு மூச்சுப் பயிற்சி மருந்தன்று. தாமதியாது வைத்தியரிடம் செல்லவேண்டும்.

ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சு 21,600 என்பது யோக நூல் வழக்கு. நிமிடத்துக்குப் பதினைந்து என்றால் அத்தொகை சரியாக வரும். தில்லைப் பொன்னம்பலத்தின் கூரையில் அத்தனை பொன்னோடுகள் வேயப்பட்டுள்ளன என்பதும் மரபு. ஓட்டின் எண்ணிக்கையைச் சொல்லி வியப்போர், தம் மூச்சு எங்கே போய் வருகின்றதென்று பார்ப்பது அரிதாகவே உள்ளது.

திருவிழாவிலே சுவாமி காவும் அடியார்களை உற்றுநோக்கினால் ஒன்று விளங்கும். தண்டிலே தோளைக் கொடுத்து எழும் கணத்தில் அவர்கள் மூச்சை உள்ளே பூட்டிக்கொள்வதில்லை. “அரோகரா” என்று உரத்து வெளியே விட்டபடி எழுகின்றனர். பஞ்சபுராணம் ஓதும்போதும் அவ்வாறே சிறு மூச்செடுத்து நெடுநேரம் வெளிவிடுதல் நிகழ்கின்றது. கூனியிருந்து ஓதினால் குரல் எழாது என்பதை ஓதுவோர் அறிவர்.

தெற்குக் கோட்டத்திலே தட்சிணாமூர்த்தி இருக்கும் இருக்கையைப் பார்க்கலாம். முதுகு நிமிர்ந்துள்ளது, தோள் தளர்ந்துள்ளது, விறைப்பு எங்குமில்லை. பூசை தொடங்குமுன் மண்டபத்தில் அமர்வோர், ஒரு கையை வயிற்றில் வைத்து, அது மெல்ல எழுந்து தாழ்வதை ஐந்தெழுத்தோடு பத்துத் தரம் கவனித்தாற் போதும். நிலத்தில் இருக்க இயலாத முதியோர் கதிரையில் இருந்து, இரு பாதங்களும் நிலத்திற் பதியச் செய்வதிற் குறையில்லை. எழும்போது கையை ஊன்றி, மூச்சை விட்டபடி எழுந்தால் நாரிக்குப் பாரம் குறையும். கொடிமரத்தின் முன் விழுந்து வணங்குவோரும் அவ்வாறே எழலாம்.