வரமா? வளர்ப்பா?

"கணிதம் பிறப்போடு வருவது, கலைமகள் கடாட்சம் இருந்தால் வரும், இல்லையேல் வராது" என்று பேசுவோர் படித்தவரிடையேயும் உளர். கேட்கிறோம்: கல்லூரியில் தேறிய மாணவன் கணித அறிஞனாக வளர்வது எந்த வரத்தால்?

தேர்வுக் கணக்குக்கு விடை உண்டு என்பதை மாணவன் முன்பே அறிவான். வினாவைத் தந்தவர் கையிலேயே விடையும் இருக்கிறது. ஆராய்ச்சிக் கணக்கோ அப்படியன்று. விடை உண்டா என்பதே ஆசானுக்கும் தெரியாது. மாதக்கணக்கில் மயங்கி நிற்க வேண்டும். அம்மயக்கத்தில் மனம் குலையாதிருக்கப் பழகுவதே மாணவன் அறிஞனாகும் பாதை. அப்பழக்கம் வானத்திலிருந்து இறங்குவதில்லை. மனிதர்க்கு மனிதர் தருவது.

சான்று தருவோம். சென்னை இலயோலாக் கல்லூரியில் பாதிரியார் இராசீன் என்னும் பிரெஞ்சுக்காரர், பாடநூலோடு நில்லாமல், தம் நாட்டின் புதுக் கணிதத்தை மாணவர்க்குக் காட்டினார். துறவியே ஆயினும், அவர் வகுப்பில் அளித்தது வரமன்று, பாடம்! அங்குப் பயின்ற நரசிம்மனும் சேஷாத்திரியும் 1953இல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையம் புகுந்தனர். வெளிநாட்டறிஞர் அங்கே வந்து விரிவுரையாற்றுவர். அதனை எழுதித் தொகுப்பது இளைஞர் பணி. இலோரான் சுவார்த்சு என்னும் பிரெஞ்சு அறிஞரின் விரிவுரைகளை எழுதியவர் நரசிம்மன். எழுதுபவன் தன்னை ஏமாற்றிக் கொள்ள முடியாது. புரியாத வரி எழுதுகோலை நிறுத்திவிடும்! பின்னர் இருவரும் பாரிசில் பயின்றனர். வடிவக் கணிதத்தில் அவர்கள் பெயரால் வழங்கும் தேற்றம் வெளிவந்தது 1965இல். இடையே 12 ஆண்டுகள்!

"இராமானுசனுக்கு ஆசான் யார்?" என்பர். கல்லூரித் தேர்வில் தோற்ற அவருக்கும் கார் என்பவர் தொகுத்த நூல் துணையாயிற்று. 1914இல் கேம்பிரிட்சு சென்றபின் ஆர்டியின் தோழமை கிட்டிற்று. ஆற்றலை நாம் மறுக்கவில்லை. அத்தகைய ஆற்றலுக்கே துணை வேண்டியிருந்ததெனில், வரத்தைக் காட்டிப் பிறர்க்குத் துணையை மறுப்பது அறமாகுமா?

"விளங்கவில்லை" என்று எழுந்து நிற்கும் மாணவனிடம், "உனக்குக் கணக்கு வராது" என்பது எளிது. கற்பிப்போராகிய நம் உழைப்பை மிச்சப்படுத்தும் சொல் அது. அவன் தலையில் விதியை எழுதும் சொல்லும் அதுவே. தோழர்களே! அவன் ஐயமே ஆராய்ச்சியின் முதற்படி. அவனை உட்காரச் சொல்லாதீர், கரும்பலகைக்கு அழையுங்கள்!