பாவாடையா, கால்சட்டையா?

பள்ளி செல்லும் பெண்மக்கள் பாவாடை அணிவதா, கால்சட்டை அணிவதா என்று பல வீடுகளில் வாக்குவாதம் நடக்கிறது. மார்க்கம் கூறுவதை நாம் பார்ப்போம்.

நாயகம் (ஸல்) அவர்கள் உஸாமா (ரலி) அவர்களுக்கு எகிப்து நாட்டுத் துணியொன்றை வழங்கினார்கள். அவர் அதைத் தம் மனைவிக்குக் கொடுத்துவிட்டார். அதையறிந்த நாயகம் (ஸல்) அவர்கள், அது உடலமைப்பை எடுத்துக் காட்டிவிடுமோ என அஞ்சி, உள்ளே ஓர் ஆடை அணியச் சொல்லுமாறு பணித்தார்கள். இச்செய்தி முஸ்னத் அஹ்மதில் உள்ளது. அவர்கள் துணியைத் தடுக்கவில்லை; குறையைத்தான் நீக்கினார்கள்.

ஆகவே உடையின் பெயரைப் பார்ப்பது போதாது. அது உடலை மறைக்க வேண்டும். மெல்லியதாகவோ இறுக்கமாகவோ இருக்கலாகாது. சைக்கிள் மிதிக்கும் பெண்ணுக்குக் காற்றில் பறக்கும் பாவாடையைவிட, தொளதொளப்பான சல்வாரும் முழங்காலுக்குக் கீழே இறங்கும் கமீஸும் நல்ல மறைப்பு. பல முஸ்லிம் நாடுகளில் பெண்கள் நெடுங்காலமாக அணிந்துவரும் உடையை ஆண் வேடம் என்பது முறையன்று. அதே சமயம், காலோடு ஒட்டிய கால்சட்டைக்கு இது அனுமதியாகாது.

பெற்றோர்களே! உடைச் சண்டையில் மகளின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். அந்நூர் அத்தியாயத்தில் பெண்களுக்குரிய 31ஆம் வசனத்திற்கு முன்பே, 30ஆம் வசனம் ஆண்களைப் பார்வையைத் தாழ்த்தச் சொல்கிறது. மகனுக்கும் அதைக் கற்றுக் கொடுப்போம். அல்லாஹ் நமக்கு நல்விளக்கம் அருள்வானாக! ஆமீன்.