உறக்கத்தை விசாரிக்காத மருத்துவம்

1981இல் ‘லான்செட்’ இதழில் ஒரு சிறிய கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் சிட்னியைச் சேர்ந்த நுரையீரல் மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய சகாக்களும். நோயாளிகள் ஐந்தே பேர். ‘ஸ்லீப் ஆப்னியா’ என்னும் உறக்க மூச்சுத்தடையால் அவதிப்பட்டவர்கள். நோய் முற்றியவர்களுக்கு அதுவரை உறுதியாகப் பலன் தந்த வைத்தியம், கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு நேர்வழி அமைப்பதுதான். சல்லிவன் மூக்கில் முகமூடி பொருத்தி, மிதமான அழுத்தத்தில் காற்றைத் தொடர்ந்து செலுத்தினார். தொண்டை அடைபடவில்லை. நோயாளிகள் இரவு முழுதும் தடையின்றித் தூங்கினார்கள். இன்று எத்தனையோ படுக்கைகளின் அருகே இருக்கும் சீபாப் கருவி அந்த இரவுகளில்தான் பிறந்தது.

இந்த நோயின் கொடுமை, அது நோயாளிக்கே தெரியாமல் நடப்பது. தூங்கியதும் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, காற்று மட்டும் போவதில்லை. பத்து விநாடி, சிலருக்கு அரை நிமிடத்துக்கும் மேல். இரத்தத்தில் ஆக்சிஜன் குறைய, மூளை திடுக்கிட்டு விழித்து மூச்சை மீட்கிறது. உடனே மறுபடி உறக்கம், மறுபடி அடைப்பு. மணிக்கு 30 முறைக்கு மேல் போனால் கடுமையான நோய் என்பது கணக்கு. காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. தலைவலி இருக்கும், பகலெல்லாம் தூக்கம் அழுத்தும். கட்டுக்குள் வராத இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஒவ்வொன்றாகக் கூடும். வண்டி ஓட்டும்போது கண் சொக்கினால் அவர் உயிர் மட்டுமல்ல, எதிரே வருபவர் உயிரும் போகும்.

1993இல் வெளிவந்த, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில ஆய்வு, 30 முதல் 60 வயது வரையுள்ள ஆண்களில் 24 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 9 விழுக்காட்டினருக்கும் உறக்கத்தில் மணிக்கு ஐந்து முறையாவது மூச்சு தடைப்படுவதைக் காட்டியது. அதே ஆண்டு வந்த இன்னொரு கணக்கெடுப்பின்படி, அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் உறக்கத்தைப் பற்றிய பாடத்துக்குக் கிடைத்த நேரம் சராசரியாக இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. 2011இல் 12 நாடுகளில் விசாரித்தபோதும் சராசரி இரண்டரை மணி நேரத்தை எட்டவில்லை. மனித வாழ்வில் மூன்றில் ஒரு பங்குக்கு மருத்துவப் படிப்பு ஒதுக்கிய இடம் இவ்வளவுதான்.

படிப்பவர்களின் உறக்கமும் மதிக்கப்பட்டதில்லை. பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், ஒரு நாளுக்கு மேல் தொடர்ந்து பணிசெய்யும் வழக்கமான முறையில் இருந்த பயிற்சி மருத்துவர்கள், நேரம் குறைக்கப்பட்டவர்களைவிட 36 விழுக்காடு அதிகமாகக் கடும் பிழைகள் செய்திருந்தார்கள். தன் தூக்கத்தைப் பொருட்படுத்தக் கூடாது என்று பழக்கப்பட்ட இளைஞருக்கு, நோயாளியிடம் “ராத்திரி எப்படித் தூங்குகிறீர்கள்?” என்று கேட்கத் தோன்றுவது கடினம். கருவி வந்து நாற்பது ஆண்டுகள் கடந்தும் பலர் நோய் இன்னதென்று அறியாமலே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன். காற்றழுத்தம் தொண்டையைத் திறந்துவிடும். ஆனால் முதலில் யாராவது கேட்க வேண்டும்.

மருத்துவர் கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் ஒருவருடைய குறட்டை திடீரென நின்று, சற்றுப் பொறுத்துத் திணறலோடு மீண்டும் தொடங்குகிறதென்றால் அதை ஆழ்ந்த தூக்கம் என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் அவரைத் தனியே அனுப்பாமல் கூடவே போங்கள். அவருடைய இரவைப் பார்த்த சாட்சி நீங்கள் ஒருவர்தான்.