பழைய கல்லின் படி

மென்பொருள் துறையில் புதிதாக ஒன்றைக் கட்டுகிறவருக்குக் கிடைக்கும் மரியாதை, இருப்பதைச் சரிசெய்கிறவருக்குக் கிடைக்காது. பெருங்குடியில் ஒரு நிறுவனத்தில் ப்ராடக்ட் மேனேஜராக இருக்கிறேன். சிறுகடைக்காரர்கள் கடன் கணக்கு எழுதிக்கொள்ளும் செயலி எங்களுடையது. வருட மதிப்பீட்டில் "புதுசா என்ன பண்ணீங்க?" என்றுதான் கேட்பார்கள். நான் செய்வதில் முக்கால்வாசி, ஏற்கெனவே இருக்கிற பொத்தானை நகர்த்துவது, பட்டியலின் வரிசையை மாற்றுவது, மூன்று திரையில் முடிகிற வேலையை இரண்டில் முடிப்பது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் இந்தத் தொழிலின் தர்மசங்கடங்கள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. புதிதாகக் கட்டும்போது உள்ளே யாரும் இல்லை. இருப்பதை மாற்றும்போது, ஆள் குடியிருக்கும் வீட்டில் சுவரை இடிக்கிறோம். இடிக்கும் உரிமையை நமக்கு யார் கொடுத்தது?

அலுவலகத்தில் இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, எண்கள். பாதிப் பேருக்குப் பழையதையும் பாதிப் பேருக்குப் புதியதையும் காட்டி, இரண்டு வாரம் கழித்து எது ஜெயித்தது என்று பார்ப்பது. இன்னொன்று, பயனர்களின் கூச்சல். இரண்டையும் நான் முழுசாக நம்புவதில்லை. 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக், நியூஸ் ஃபீடைக் கொண்டுவந்தபோது பயனர்கள் ஃபேஸ்புக்கிலேயே குழு சேர்த்து அதை எதிர்த்தார்கள். இன்று அது இல்லாத ஃபேஸ்புக்கை யாரும் கற்பனைகூடச் செய்வதில்லை. 2017 பிப்ரவரியில் வாட்ஸ்அப், பெயருக்குக் கீழே இருந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டு, 24 மணி நேரத்தில் மறையும் படங்களை 'ஸ்டேட்டஸ்' ஆக்கியது. அந்த வரியில் சிலர் வருடக்கணக்கில் ஒரே வாசகத்தை வைத்திருந்தார்கள், செத்துப்போனவர் பெயரை வைத்திருந்தவர்களும் உண்டு. கூச்சல் எழுந்தது. அடுத்த மாதமே வரி திரும்பி வந்தது. ஒரு கூச்சலுக்குப் பின்னால் பழக்கம் மட்டும் இருந்தது. இன்னொன்றுக்குப் பின்னால் வேறு ஏதோ இருந்தது. சத்தத்தை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

என் அம்மாவின் ஊர் ஆடுதுறைக்குப் பக்கம். அங்கெல்லாம் கோயில் திருப்பணி என்றால் முதலில் பாலாலயம். கருவறையில் கைவைப்பதற்கு முன் சுவாமியிடம் அனுக்ஞை வாங்கி, சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கும், பிறகு அத்திப் பலகையில் வரைந்த உருவத்துக்கும் மாற்றி, வேறிடத்தில் வைத்துப் பூஜை நடத்துவார்கள். வேலை நடக்கிற மாதங்களில் ஒரு கால பூஜையும் நிற்காது. நாங்களோ நள்ளிரவில் ஆட்டோ அப்டேட்டில் அனுப்பிவிடுகிறோம். காலையில் கடை திறக்கிறவர் பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பார்.

அனுமதி கேட்டுவிட்டால் மட்டும் போதுமா? என்னை அதிகம் யோசிக்கவைத்தது பாலாலயம் அல்ல, செம்பியன் மாதேவி. கண்டராதித்த சோழரின் தேவி, உத்தம சோழனின் தாய். 10ஆம் நூற்றாண்டில் காவிரிக்கரைச் செங்கல் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கியவர். பழமையைத் தொடாதே என்று சொல்கிற ஆள் அல்ல, நன்றாகவே இடித்திருக்கிறார். ஆனால் திருக்கோடிக்காவலில், பழைய கோயிலின் கற்களில் இருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டவைத்தார். அவற்றில் பல்லவர் காலத்துச் சாசனங்களும் உண்டு. இது பழைய கல்லிலிருந்து எடுத்த படி என்ற குறிப்பையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். வேறொரு வம்சத்தின் காலத்தில் யாரோ கொடுத்த கொடையை, இவர் காசில் எழும்பும் சுவரில் ஏற்ற வேண்டும் என்ற அரசியல் கட்டாயம் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தக் காலத்துச் சாசனங்கள் பெரும்பாலும் விளக்குக்கு நெய், அமுதுக்கு நெல், அதற்கான நிலம் என்றுதான் இருக்கும். நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு என்பது சோழர் காலத்தில் பரவலான கணக்கு. ஆடுகளைப் பெற்றுக்கொண்டவர் தினம் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவை சாகாத, மூப்படையாத ஆடுகள் என்றே கல்வெட்டுகள் சொல்லும். ஆடு செத்தாலும் கணக்கு சாகக் கூடாது, குட்டியை வைத்து ஈடுகட்ட வேண்டும். செம்பியன் மாதேவி செங்கல்லை விட்டார், விளக்கை விடவில்லை. பழையது எந்த வடிவத்தில் இருந்தது என்பதைவிட, அது யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருந்தது என்பதுதான் மாற்றுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் செயலியில் 'நினைவூட்டு' என்று ஒரு பொத்தான். கடைக்காரர் அமுக்கினால், பாக்கி வைத்திருப்பவருக்கு ஒரு மெசேஜ் போகும். இதைத் தானியங்கியாக்கி, மாதம் ஐந்தாம் தேதி எல்லோருக்கும் போகிற மாதிரி செய்யலாம் என்று பேக்லாக்கில் ஒரு யோசனை ரொம்ப நாளாக இருந்தது. வசூல் கூடும், கடைக்காரருக்கும் லாபம். மேடவாக்கத்தில் ஒரு அண்ணாச்சி கடையில் போய் உட்கார்ந்தேன். புளி எடைபோட்ட கையைத் துண்டில் துடைத்துவிட்டு, பட்டியலைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனார். சில பெயர்களில் அமுக்கினார். ஒரு பெயரைத் தாண்டிப் போனார். அதில்தான் பாக்கி அதிகம்.

"இவுங்களுக்கு அனுப்பலையா அண்ணாச்சி?"

"அவுக வீட்ல நேத்துதாம்மா பதினாறு முடிஞ்சிருக்கு. காசு எங்க போயிரப்போவுது?"

இன்னொருவருக்கு ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கே அனுப்புவாராம். "சாயங்காலம்னா டாஸ்மாக்ல போயிரும்லா. வீட்டுக்காரி பாவம்."

அந்தப் பொத்தான் கொடுத்திருந்த வாக்கு இதுதான்: எப்போது கேட்பது, யாரிடம் கேட்காமல் இருப்பது என்பது உன் கையில். இதை எந்த ஆவணத்திலும் எங்கள் ஆட்கள் எழுதியிருக்கவில்லை. முதலில் கட்டியவர்களுக்குத் தானியங்கி செய்ய நேரம் இல்லை, அவ்வளவுதான். கோயிலோடு ஒப்பிடுவது இந்த இடத்தில் உதைக்கிறது. அங்கே கொடை கல்லில் இருக்கும், யாரும் படிக்கலாம். இங்கே அண்ணாச்சியின் கட்டைவிரலில் இருக்கிறது. எங்கள் டேஷ்போர்டில் அவர் அமுக்காமல் விட்ட பெயர், 'பயன்படுத்தப்படாத வாய்ப்பு' என்று சிவப்பில் தெரியும்.

அதோடு நின்றால் கதை நன்றாக இருந்திருக்கும். அடுத்த வாரம் ஒரு தையல்கடை அக்கா நேர்மாறாகச் சொன்னார். "மூஞ்சிக்கு நேரா கேக்க கூச்சமா இருக்கு. தானா போச்சுன்னா 'நான் அனுப்பலக்கா, ஆப்பே அனுப்புது'ன்னு சொல்லிக்கலாம்." ஒரே பொத்தானை அண்ணாச்சி தன் அதிகாரமாகப் பார்க்கிறார், அக்கா தன் தலையில் விழுந்த சங்கடமாகப் பார்க்கிறார். இருவரையும் சராசரி எடுத்தால் வருகிற ஆளுக்கு மேடவாக்கத்தில் கடை கிடையாது. கடைசியில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாகத் தானியங்கியைப் போட்டுக்கொள்ளும்படி வைத்தோம். ஆரம்பத்தில் எல்லோருக்கும் அணைந்தே இருக்கும். க்ரோத் டீமில் இருப்பவர், இதை ரிலீஸ் செய்த நாளிலிருந்து பயன்பாடு குறைவு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் எண்கள் சரி. அண்ணாச்சி அணைத்தே வைத்திருப்பதும் பயன்பாடுதான் என்பதைக் காட்ட என்னிடம் எண் இல்லை.

இப்போது, இருப்பதை மாற்றுகிற எந்த ஆவணத்திலும் ஒரு வரி கேட்கிறேன்: இது இன்றுவரை யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது? பாதிப் பேர் 'ஒன்றுமில்லை' என்று போட்டு அனுப்பிவிடுகிறார்கள். போன ஸ்பிரின்ட்டில் தேடல் பெட்டியைச் சீர்செய்யும் ஆவணம் அப்படித்தான் வந்தது. ஒரே நம்பர் பல பெயர்களில் இருப்பதால், பதிவான சரியான பெயரைத் தானே கொண்டுவந்து போட்டுவிடலாம் என்பது திட்டம். கடைக்காரர்கள் அதில் எதைத் தட்டித் தேடுகிறார்கள் என்று எடுத்துப் பார்த்தேன். 'மாடிவீட்டு அக்கா', 'பல்சர் தம்பி', 'ரெண்டாவது டீச்சர்', 'குடுக்கமாட்டான்'. அந்த மாற்றத்தை இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறோம். 'குடுக்கமாட்டான்' என்பதை என்ன செய்வது என்று சட்டப் பிரிவிடம் கேட்டிருக்கிறார்கள்.