புகைபோக்கியைத் துடைத்தவர் யார்?

ஈப்போவின் வெயிலில் குளிர்காய அடுப்பு வேண்டுவார் இலர். கணப்படுப்பைக் காண விரும்புவோர் கேமரன் மலையேறிப் பழைய விடுதிகளில்தான் காணவேண்டும். ஆதலின், புகைபோக்கியைத் துடைப்பதும் சோதிப்பதும் நமக்கு எதற்கு என்று வாசக அன்பர்கள் கேட்கக்கூடும். பேராக்கில் நம் முன்னோர் புகைக்குள் நின்று உழைத்தவர்கள் என்பதே நம் விடை.

பெரிய ரப்பர் தோட்டங்களில் புகைக்கூடம் இருந்தது. உருளையில் அழுத்திய ஷீட்டுகளைக் கழிகளில் தொங்கவிட்டு, விறகுப் புகையில் 40 முதல் 60 பாகை வெப்பத்தில் சில நாட்கள் உலர்த்துவர். புகையிலுள்ள தார் போன்ற பொருள் ஷீட்டில் பூஞ்சணம் பிடியாமற் காக்கும். அதே பொருள் குழாய்ச் சுவரிலும் கூரையிலும் படிந்து, கரும்பிசினாய் இறுகி, ஒரு பொறி பட்டால் கூடத்தையே எரித்துவிடும். ஈர விறகாயின் படிவு இன்னும் மிகுதி. சரக்கைக் காப்பதும் கூடத்தை எரிப்பதும் ஒரே பொருளாயிருக்க, இடையில் நின்று அதைச் சுரண்டியெடுத்தவன் ஒரு தொழிலாளி.

அவனுடைய வேலையை ஏடு எவ்வாறு பதிகிறது? “புகைக்குழாய் துடைக்கப்பட்டது.” நாம் தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவர்; ஆங்கிலப் பள்ளியிற் பயின்றவர்; இவ்வாக்கியத்தின் குலங்கோத்திரம் நமக்குத் தெரியும். ஆங்கில அலுவலகம் நமக்குத் தந்த செயப்பாட்டு வினை இது. தமிழிலும் அவ்வினை உண்டுதான். ஆயினும் நம் பாட்டிமார் “வீடு கூட்டப்பட்டது” என்று ஒருநாளும் சொல்லியிரார். கூட்டியவர் யார் என்று அவர்களுக்குத் தெரியும், பெரும்பாலும் அவர்களே! ஏட்டு வாக்கியத்திலோ குழாய் இருக்கிறது, தேதி இருக்கிறது, சுத்தமும் இருக்கிறது. ஆளை மட்டும் காணோம்.

ஆளைக் காணாத கண் எத்துணைக் கொடுமையைப் பொறுத்துக்கொள்ளும் என்பதற்கு இங்கிலாந்தே சான்று. அங்கே குறுகிய புகைபோக்கிகளுக்குள் சிறுவர்களை ஏற்றித் துடைத்தார்கள். 1775இல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், அத்தொழிலாளரின் விதைப்பையில் தோன்றும் புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று எழுதினார். எட்டு வயதுக்குட்பட்டவரைப் பயிற்சிக்குச் சேர்க்கலாகாது என்று 1788இல் சட்டம் வந்தது. 1803இல் ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர், கம்புகளை ஒன்றோடொன்று கோத்து மேலே செலுத்தும் துடைப்பக் கருவியைச் செய்தார். 21 வயதுக்குட்பட்டவர் புகைபோக்கிக்குள் ஏறவே கூடாது என்று 1840இல் மற்றொரு சட்டம் வந்தது. கருவியும் சட்டமும் கைவசமிருக்க, 1875இல் கேம்பிரிட்ஜுக்கு அருகே ஜார்ஜ் புரூஸ்டர் என்னும் சிறுவன் புகைபோக்கிக்குள் சிக்கி மாண்டான். கருவியால் கரி சிதறித் தரைவிரிப்பு கெடும் என்று அஞ்சிய கனவான்கள் பலர் இருந்தனராம். விரிப்பின் விலை அவர்களுக்குத் தெரிந்திருந்தது! அவ்வாண்டே ஷாப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால், துடைப்போர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் உரிமம் பெறவேண்டும், போலீசார் அதைக் கவனிக்கவேண்டும் என்று விதித்த பின்னரே அவ்வழக்கம் ஒழிந்தது. அதாவது, சட்டம் ஆட்களைப் பெயர் பெயராய் அறியத் தொடங்கிய பின்னர்.

இன்று பேராக்கில் ரப்பர் நின்ற பல இடங்களில் செம்பனை நிற்கிறது. செம்பனை ஆலைகளில் பழத்தின் நாரையும் ஓட்டையும் எரிக்கும் கொதிகலன்கள் உள்ளன. அவற்றுக்கு உயர்ந்த புகைபோக்கிகள். புகையின் கருமைக்கு இந்நாட்டில் 1978இல் வந்த தூய காற்று விதிகள் வரம்பு கட்டின. 2014இல் அவற்றின் இடத்தில் புதியன வந்தன. கருமையை அளக்க 1888இல் பிரெஞ்சுக்காரர் ரிங்கல்மன் வகுத்த, கறுப்புக் கட்டங்கள் வரைந்த வெள்ளை அட்டை உண்டு. புகை வெளியேறும் வாயைப் பார்க்க இத்தனை ஏற்பாடு. ஆள் உள்ளே நுழையும் வாய்க்கும் விதி இல்லாமலில்லை: அடைபட்ட இடங்களுக்கான 2010ஆம் ஆண்டு நெறிமுறை, உள்ளிருக்கும் காற்றைச் சோதிக்கவும், அனுமதிச் சீட்டு எழுதவும், ஒருவர் வெளியே காவல் நிற்கவும் சொல்கிறது. நல்ல நெறி. அச்சீட்டில் எழுதப்படும் பெயர் யாருடையது என்பதே இனி நம் கவலை.

நம் பாட்டன்மார் நின்ற இடத்தில் இன்று பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நிற்கின்றனர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அரை நாள் வேலையை “அரைப் பேர்” என்பார்கள். பாதிப் பெயரோடு வாழ்ந்த கூட்டத்தின் வழிவந்த நாம், இன்னொருவனுக்கு முழுப் பெயரைத் தர ஏன் தயங்கவேண்டும்? “வேலை நடந்தாற் போதாதா, பெயர் எதற்கு?” என்பாரும் உளர். பாட் என்பவரால் அந்நோயின் காரணத்தைக் காண முடிந்தது, நோயாளிகள் இன்ன தொழிலர் என்று அவர் அறிந்திருந்தமையால் அன்றோ? 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழில்நோய்க்குச் சொக்சோ உதவி உண்டு. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் அதில் சேர்க்கப்பட்டுள்ளனர். ஆனால் நோய் தொழிலால் வந்தது என்று காட்டவேண்டுமே! பல்லாண்டு கழித்து மூச்சிரைப்போடு ஒருவன் வந்து நின்றால், “துடைக்கப்பட்டது” என்னும் ஏடு அவனுக்காக என்ன சாட்சி சொல்லும்?

ஆகவே கிராணித் தோழர்களை நாம் கேட்டுக்கொள்வது சிறிது. உள்ளே சென்றவர் இன்னார், வெளியே நின்றவர் இன்னார், நுழைந்த நேரம், வெளிவந்த நேரம் என்று நான்கு கட்டங்களை ஏட்டில் கோடிட்டுக்கொள்ளுங்கள். பெயரைக் கடவுச்சீட்டிலுள்ளபடி, எழுத்துப் பிழையின்றி எழுதுங்கள். ஏட்டில் இடம் போதாது என்று மேலதிகாரி சொன்னால், விறகுக் கணக்குக்கு எத்தனை பத்திகள் விட்டிருக்கிறோம் என்று அவரோடு சேர்ந்து எண்ணிப் பாருங்கள்.