நாடு பட்ட கடன்

1987 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணைக் கூடம் ஒன்றில் போரைப் பார்த்த இருவர் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். சாட்சி நாற்காலியில் மரீன் படையின் லெப்டினன்ட் கர்னல் ஆலிவர் நார்த்; மார்பில் பதக்கப் பட்டைகள் வரிசையாக இருக்க, சீருடையில் வந்திருந்தார். தலைமை இருக்கையில் அறுபத்திரண்டு வயது செனட்டர் டேனியல் இனோவே, சாதாரணக் கோட்டில். கோட்டின் வலப்பக்கத்தில் கை இல்லை. அதை இத்தாலியில் இழந்திருந்தார்.

ரொனால்ட் ரீகனின் வெள்ளை மாளிகை ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்றது. வந்த லாபத்தில் ஒரு பகுதியை நிகராகுவாவின் கான்ட்ரா கிளர்ச்சிப் படைக்குத் திருப்பிவிட்டது. அந்தப் படைக்கு ராணுவ உதவி கூடாது என்று நாடாளுமன்றம் சட்டமே போட்டிருந்த காலம் அது. நாடாளுமன்றத்திடம் பொய் சொன்னதையும், கோப்புகளைக் கிழித்தெறிந்ததையும் இந்த வேலையை முன்னின்று நடத்திய நார்த் மறைக்கவில்லை. நாட்டுக்காகச் செய்தேன் என்றார். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த மக்களில் பெரும் பகுதியினருக்கு அவர் சில நாட்களில் நாயகனாகிவிட்டார். சீருடைக்கு அவ்வளவு வலிமை.

விசாரணையின் முடிவில் இனோவே பேசினார். படைவீரன் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும்தான், ஆனால் சட்டத்துக்கு உட்பட்ட கட்டளைக்கு மட்டுமே என்பதை ராணுவச் சட்டத்தை எடுத்துக்காட்டி நினைவூட்டினார். நியூரம்பெர்க் விசாரணையில் அந்தக் கோட்பாடு உறுதிப்பட்டதையும் குறிப்பிட்டார். நார்த்தின் வழக்கறிஞர் கொதித்தெழுந்து ஆட்சேபித்தார். இந்த விசாரணை நாட்களில் செனட்டருக்கு வந்த தந்திகளிலும் தொலைபேசி அழைப்புகளிலும் அவருடைய ஜப்பானிய வம்சாவளியைச் சொல்லித் திட்டியவை இருந்தன. குழுவின் துணைத் தலைவர் வாரன் ரட்மன், இனோவேக்கு எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சிக்காரர், கொரியப் போரில் காலாட்படை அதிகாரியாக இருந்தவர், அதைக் கூடத்திலேயே கண்டித்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்து நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியும், இந்த மனிதர் எந்த நாட்டுக்காரர் என்று கேட்க ஆட்கள் இருந்தார்கள்.

இந்தக் கேள்வியை அவர் பதினேழு வயதில் முதன்முதலாகச் சந்தித்தார். 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகத்தின்மேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது, ஹொனலூலுவில் செஞ்சிலுவைச் சங்க முதலுதவித் தொண்டராக ஓடியவர் அவர். அடுத்த சில வாரங்களில் ஜப்பானிய வம்சாவளி இளைஞர்களை ராணுவத்தில் சேரத் தகுதியற்றவர்கள், பகை நாட்டவர் என்று அரசு வகைப்படுத்தியது. அவர்கள் அமெரிக்க மண்ணில் பிறந்த குடிமக்கள்! 1943இல் அரசு மனம் மாறி அவர்களுக்கென்று தனிப் படைப்பிரிவு தொடங்கி ஹவாயில் 1,500 பேரைக் கேட்டது. ஏறத்தாழ 10,000 பேர் வந்து நின்றார்கள். மருத்துவராக வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்த இனோவேயும் அதில் ஒருவர். அதுதான் 442ஆவது படைப்பிரிவு.

மிசிசிப்பி மாநிலத்து ஷெல்பி முகாமில் பயிற்சி நடந்தபோது ஹவாய்ப் பையன்களும் பெருநிலத்திலிருந்து வந்த ஜப்பானிய அமெரிக்கப் பையன்களும் ஓயாமல் கைகலந்தார்கள். பெருநிலத்துக்காரர்கள் ஒட்டாமல் இருக்கிறார்கள், சிரிப்பதில்லை, காசை எடுப்பதில்லை என்பது ஹவாய்க்காரர்களின் குறை. ஒரு நாள் ஹவாய் வீரர்களை ஆர்கன்சாவின் ரோவர் முகாமுக்கு அழைத்துப்போனார்கள். அங்கே முள்வேலி, காவல் கோபுரம், துப்பாக்கிக்காரர்கள். வேலிக்கு உள்ளே அரசு அடைத்து வைத்திருந்த ஜப்பானிய அமெரிக்கக் குடும்பங்கள், கிழவர்கள், கைக்குழந்தைகள். தங்களோடு பயிற்சி பெறுகிறவர்களில் பலர் இப்படிப்பட்ட வேலிகளுக்குள்ளிருந்து முன்வந்து பெயர் கொடுத்தவர்கள் என்பது அன்றுதான் உறைத்தது. அதன்பின் சண்டை ஓய்ந்தது. என் பெற்றோரை இப்படி அடைத்து வைத்திருந்தால் நான் பெயர் கொடுத்திருப்பேனா என்ற கேள்வியை இனோவே முதுமை வரை பல இடங்களில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருடைய அரசியல் வாழ்வின் வேர் இந்த முகாமில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பலரும் சொல்வது போல அவர் கையை இழந்த மலைச்சரிவில் அல்ல.

அந்த மலைச்சரிவையும் சொல்லத்தான் வேண்டும். 1945 ஏப்ரல் 21, சான் தெரென்சோ ஊருக்கு அருகே. வயிற்றில் ஏற்கெனவே குண்டு பாய்ந்திருந்தும் முன்னேறி, இயந்திரத் துப்பாக்கி நிலைகளை அழித்துக்கொண்டே போனார். மூன்றாவது நிலையை நோக்கிக் கைக்குண்டை ஓங்கியபோது எதிரியின் குண்டு வலது முழங்கையைப் பெயர்த்துவிட்டது. அறுந்து தொங்கிய கையின் பிடியில் உயிருள்ள கைக்குண்டு. அதை இடக்கையால் பிரித்தெடுத்து வீசினார். ஐரோப்பாவில் போர் முடியப் பதினேழு நாட்களே இருந்தன. அறுவை மருத்துவராகும் கனவும் அங்கேயே முடிந்தது.

மிச்சிகன் மாநிலத்தின் ராணுவ மருத்துவமனை ஒன்றில் அவருக்கு வாய்த்த தோழர்களைப் பாருங்கள். நார்மண்டிக் கரையில் காயம்பட்ட ஃபிலிப் ஹார்ட். அதே இத்தாலியில், இனோவேக்கு ஒரு வாரம் முன்னால் வலத்தோள் சிதைந்த பாப் டோல். மூவரும் பின்னாளில் செனட்டர்கள். சட்டம் படிப்பது, உள்ளூர்ப் பதவி, மாநில அவை, பிறகு வாஷிங்டன் என்று டோல் தன் திட்டத்தை விவரிக்க, அதே பாதையைப் பிடித்த இனோவே அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்தார். ஹவாய் மாநிலமான 1959இல் அதன் முதல் பிரதிநிதியாகச் சபைக்குள் நின்றவரிடம், வலக்கையை உயர்த்தி உறுதிமொழி சொல்லுமாறு சபாநாயகர் சாம் ரேபர்ன் கேட்டார். உயர்ந்தது இடக்கை. அந்தக் கணத்தில் சபையிலிருந்த தப்பெண்ணம் நழுவி விழுந்ததாக உடனிருந்த உறுப்பினர் ஒருவர் பின்னர் பதிவு செய்தார். ஜப்பானிய வம்சாவளியினர் ஒருவர் அந்தச் சபைக்கு வந்தது அதுவே முதல் முறை.

1963 ஜனவரி முதல் 2012 டிசம்பரில் இறக்கும்வரை செனட்டில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள். அதில் எல்லாவற்றையும் மெச்ச முடியாது. 1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாத் தீர்மானம் வந்தது. நடக்கவே நடக்காத ஒரு தாக்குதலையும் காரணமாகக் காட்டி வியட்நாம் போருக்கு அதிபர் ஜான்சன் கேட்ட வெற்றுக் காசோலை அது. செனட்டில் 88 பேர் ஆதரிக்க, இருவர் எதிர்த்தார்கள். அந்த இருவரில் இனோவே இல்லை. போரின் விலையை உடலில் சுமந்தவரும் அரசு சொன்னதை நம்பிவிட்டார். 1976இல் உளவு அமைப்புகளைக் கண்காணிக்கும் செனட் குழுவின் முதல் தலைவரானபோதும், 1987இல் நார்த்தின் முன்னால் அமர்ந்தபோதும், மன்றத்திடம் உண்மையைச் சொல்வது நிர்வாகத்தின் கடமை என்பதில் அவர் காட்டிய பிடிவாதத்துக்கு அந்த 1964 வாக்கும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

போர்க்களம் மட்டுமே யாருக்கும் விவேகம் கொடுத்துவிடாது. 2002இல் இராக் மீது படையெடுக்க அனுமதி கேட்ட தீர்மானத்தை ஆதரித்தவர்களில் வியட்நாமில் போரிட்ட செனட்டர்கள் மெக்கெய்ன், கெர்ரி, ஹேகல், அங்கே மூன்று உறுப்புகளை இழந்த மேக்ஸ் கிளீலண்ட் எல்லோரும் இருந்தார்கள். எதிர்த்த 23 செனட்டர்களில் ஒருவர் இனோவே. 1991 வளைகுடாப் போரையும் அவர் எதிர்த்திருந்தார். இராக் தீர்மானத்துக்கு அளித்த ஆதரவு வாக்கு கிளீலண்டைக் காக்கவில்லை. அடுத்த மாதமே வந்த தேர்தலில் பின்லேடன், சதாம் படங்களோடு தொடங்கும் விளம்பரம் ஒன்று, நாட்டைக் காக்கும் துணிவு அவருக்கு உண்டா என்று கேட்டது. அவர் தோற்றார். ஒரு மனிதன் இரண்டு காலையும் ஒரு கையையும் கொடுத்த பிறகும் இந்தக் கேள்வி மிச்சமிருக்கும் என்றால், தேசபக்திச் சான்றிதழுக்காக வரிசையில் நிற்பதில் என்ன பயன்?

இனோவே அந்த வரிசையில் நிற்காமல், மற்றவர்களுக்கு அரசு தரவேண்டியதைக் கேட்டார். முகாம்களில் அடைக்கப்பட்ட ஏறத்தாழ 1,20,000 பேருக்கு இழப்பீடு வேண்டும் என்று இயக்கத் தலைவர்கள் நேராகச் சட்டம் கோரியபோது, முதலில் விசாரணை ஆணையம் வையுங்கள், நாட்டுக்கு நடந்தது தெரியட்டும் என்று யோசனை சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். சிலருக்கு அது காலம் கடத்துவதாகப் பட்டது, கோபமும் வந்தது. 1980இல் அமைந்த ஆணையத்தின் முன் 1981இல் முதியவர்கள் வந்து, தங்கள் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாததை அழுதபடி சொன்னார்கள். இனவெறுப்பு, போர்க்கால வெறி, அரசியல் தலைமையின் தோல்வி ஆகியவையே காரணம் என்று ஆணையம் எழுதியது. 1988 ஆகஸ்டில் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் என்றது.

சட்டம் வந்தது, பணம் வரவில்லை. ஆண்டுதோறும் ஒதுக்கீட்டில் தள்ளிப்போட, முகாமிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருந்தார்கள். 1989இல் செனட்டின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் இருந்த இனோவே, அந்தத் தொகையை ஆண்டுக்கு ஆண்டு பேரம் பேச வேண்டியிராத கட்டாயச் செலவாக மாற்றும் விதியைக் கொண்டுவந்தார். 1990 அக்டோபரில் முதல் காசோலைகள் போயின. மிக முதியவர்களுக்கு முதலில். அவருடைய குடும்பம் முகாமுக்குப் போனதில்லை. அந்தப் பணத்தில் ஒரு டாலரும் அவருக்குச் சேராது. பட்ஜெட் தலைப்பு ஒன்றை மாற்றியதற்கு யாரும் பதக்கம் தருவதில்லை. எனக்கு அவர் மேல் மரியாதை பிறந்தது இங்கேதான்.

அதே நிதிக்குழு அதிகாரம் ஹவாய்க்குக் கோடிக்கணக்கில் பாதுகாப்புச் செலவை இழுத்துவந்தது. ரகசிய அரசை எதிர்த்தவரே ராணுவச் செலவுக்கு ஆதரவாகவும் நின்றார். 1992 தேர்தலின்போது ஒரு பெண் அவர்மேல் பாலியல் அத்துமீறல் குற்றம் சாட்டினார். அவர் மறுத்தார், செனட்டின் ஒழுக்கக் குழு அதை முன்னெடுக்காமல் விட்டது. போர்வீரர் என்ற ஒளி ஒருவரைச் சுற்றியிருக்கும்போது அப்படிப்பட்ட புகாரை ஊர் எவ்வளவு காது கொடுத்துக் கேட்கும் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அந்த ஒளி கூடிக்கொண்டும் போனது: போர்க்காலத்தில் இனத்தால் மறுக்கப்பட்டிருக்கக்கூடும் என்று மறுபரிசீலனை செய்யப்பட்ட உயர் பதக்கம், 2000 ஜூனில் கிளின்டன் கையால் 22 ஆசிய அமெரிக்கர்களுக்கு வழங்கப்பட்டபோது, அதில் இனோவேயும் இருந்தார்.

அவர் கடைசிக் காலத்தில் முடித்த வேலைகளில் ஒன்று பிலிப்பைன்ஸ் வீரர்களுடையது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கொடியின் கீழ் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ்காரர்கள் போரிட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன சலுகைகளை 1946இல் ஒரு சட்டம் பறித்தது. ஆண்டுக்கு ஆண்டு இனோவே அதைச் செனட்டில் எழுப்பினார். 2009இல், நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவராக இருந்தபோது, பொருளாதார ஊக்கத் திட்டச் சட்டத்துக்குள் அதைச் சேர்த்து நிறைவேற்றினார்: அமெரிக்கக் குடியுரிமை பெற்றவருக்கு 15,000 டாலர், பெறாதவருக்கு 9,000, ஒரே தவணை. ஒரே போரில் ஒரே பக்கம் நின்றவர்களுக்கு இரண்டு விலை. அறுபத்து மூன்று ஆண்டு தாமதம். மனு எழுதிக் கேட்க உயிரோடு இருந்தவர்களில் இளையவர்களுக்கே எண்பது வயது தாண்டியிருந்தது.